நாணயம் விழாத பலகை

2025 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மலைப் பக்கமிருந்து காற்று பலமாக அடித்தது. குடை விரிக்கும் அளவுக்கு மழை இல்லை. மூக்குக் கண்ணாடியை நனைத்துவிடுகிற சாரல். ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து பழைய பேருந்து நிலையம் போகும் வழியில் நான்காவது மின்கம்பத்தடியில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பால் வாங்கிக்கொண்டு வந்த அடுத்த தெருக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி, தெரிஞ்ச ஆளா?"

"இல்லை."

"பொறவு எதுக்கு இம்புட்டு நேரம் நிக்கிறீக? நேத்தும் இதே எடத்துலதான் நின்னீக."

"நல்ல மனுஷனாத் தெரியுது" என்றேன். அவர் படத்தை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

உண்மை வேறு. இடது கெண்டைக்கால் சதையை யாரோ கிட்டியில் வைத்து முறுக்குவது போல வலித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். நடந்தால் மறுபடி வரும். ஜனவரியில் பத்துக் கம்பம் தாண்டிய பிறகு வந்த வலி, ஆகஸ்டில் நான்காவது கம்பத்துக்கே வந்துவிட்டது. எழுபத்து மூன்று வயது ஆள் நடுரோட்டில் சும்மா நின்றால் ஊர் பார்க்கும். அதனால்தான் சுவரொட்டி. ஏழு மாதமாக எங்கள் வட்டாரத்தில் யார் யார் காலமானார்கள், எந்தத் தெருவில் இறுதி ஊர்வலம், எத்தனை பேரன் பேத்திகள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயுப் பிடிப்பு என்று எனக்கு நானே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் என் மனைவி சண்முகத்தாய் தரையைக் காட்டினாள். வாசலிலிருந்து நாற்காலி வரை வெள்ளை டைல்ஸில் சிவப்புப் பொட்டு பொட்டாக இருந்தது. செருப்பு வார் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் அறுத்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. பத்தொன்பது வருடச் சர்க்கரை நோய் பாதத்தின் உணர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தது.

"இது வலிக்கலையா உங்களுக்கு?"

"இல்லை."

"அப்பக் கெளம்புங்க."

"சாரல் விடட்டும்."

"நீங்க சாரலைப் பாருங்க. நான் ஆட்டோவக் கூட்டிட்டு வாரேன்."

ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தேன். புண் சிறியதுதான். ஆனால் பாதம் சிவந்து வீங்கியிருந்தது; நோய்க்கிருமி தோலுக்குள் பரவத் தொடங்கிவிட்டது என்றார்கள். ஊசி மருந்தை இரத்த நாளத்தில் ஏற்றினார்கள். காத்திருக்கும் கூடத்தில் முப்பத்திரண்டு நாற்காலிகள். அதில் நான்கு உடைந்தவை. தெரியாமல் உடைந்ததில் உட்காருகிறவர்களை மற்றவர்கள் எச்சரிப்பதில்லை. எழுந்திருக்கிற வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் எச்சரித்தேன். இரண்டாம் நாளிலிருந்து என்னை மருத்துவமனை ஊழியர் என்று நினைத்துச் சிலர் டோக்கன் கேட்டார்கள்.

முதல் நாள் மாலையே இரத்தக் குழாய் மருத்துவர் வந்தார். மதுரையிலிருந்து வாரம் இரண்டு நாள் வருகிறவர். நாற்பது வயது இருக்கும். கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை என் கணுக்காலில் கட்டினார். பிறகு பாதத்தின் மேல் பசை தடவி, பேனா போன்ற ஒரு கருவியை வைத்தார். டாப்ளர் என்றார். இரத்தம் ஓடுவதைச் சத்தமாக மாற்றித் தரும் கருவி அது. வலது காலில் நன்றாக, இரண்டு தட்டுத் தட்டுவது போலக் கேட்டது. இடது காலில் அடைப்புள்ள குழாயில் காற்று போவது போல 'ஷ்... ஷ்...' என்று இழுத்தது.

நான் நூற்பு மில்லில் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். பேரிங் கெட்டிருக்கிறதா என்று அறிய ஸ்குரூ டிரைவரின் நுனியை எந்திரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். மருத்துவர் சொல்வதற்கு முன்பே எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கணுக்காலில் கிடைத்த எண்ணைக் கையில் கிடைத்த எண்ணால் வகுக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். நல்ல காலில் விடை ஒன்றுக்குப் பக்கத்தில் வரும். எனக்குக் கணுக்காலில் 92, கையில் 148.

"பாயின்ட் ஆறு இரண்டு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சார் வாத்தியாரா?"

"மில்லு. மெயின்டனன்ஸ்."

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். தொடையில இறங்குற குழாய் உள்ள படிவு சேர்ந்து சுருங்கியிருக்கு. முழுசா அடைக்கல. நடக்கும்போது கெண்டைச் சதை கூடுதலா ரத்தம் கேக்குது. வர வழியில்ல. அதான் பிடிக்குது. நின்னா தேவை குறையுது, விட்டுடுது."

"இப்படியே விட்டா?"

"படுத்திருக்கும்போதே வலிக்கும். அப்புறம் புண் ஆறாது. அப்புறம் விரல்..." மீதியை எனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கான்சாபுரத்தில் என் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்து ஆறு வருடம் ஆகிறது. தன் பேத்தி கல்யாணத்துக்குக்கூட அவர் மண்டபத்துக்கு வரவில்லை.

வழக்கமாக இதற்குச் சாயம் ஏற்றிப் படம் எடுத்து, குழாய்க்குள் பலூனை அனுப்பி விரித்துவிடுவார்களாம். ஆனால் என் இரத்தத்தில் கிரியேட்டினின் 2.1 இருந்தது. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் எண் அது. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, இரண்டைத் தாண்டியிருந்தது. ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்தை அந்தச் சாயம் முழுவதுமாகப் படுக்க வைத்துவிடலாம். காலைக் காப்பாற்றப் போய் வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் படுக்க நேரலாம்.

"புண்ணை ஆத்திட்டு மூணு மாசம் பார்ப்போம். கால் முன்னேறிச்சுன்னா சாயமே வேண்டாம். முன்னேறலன்னா ஆபத்து இருந்தாலும் மதுரைக்கு வந்துதான் ஆகணும்" என்றார் மருத்துவர்.

காலையும் விடப் போவதில்லை, சிறுநீரகத்தையும் விடப் போவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்துக்கொண்டேன். நாளுக்கு எண்ணி ஆறு பீடி குடித்துக்கொண்டிருந்தேன். மீதி இருந்த பீடிக்கட்டைச் சண்முகத்தாயிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை வாங்கி, ஊசி போட்ட பஞ்சு கிடந்த வாளியில் போட்டாள்.

மருத்துவமனை இரவுகளைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. தூக்கம் வராது. சொட்டு மருந்து நிமிடத்துக்கு இருபது சொட்டு விழ வேண்டும் என்று செவிலி சொன்னதைக் கேட்டுவிட்டதால், அதை எண்ணிச் சரிபார்ப்பது என் பொறுப்பாகிவிட்டது. பயம் என்பது பெரிதாக வராது. போர்வைக்குள் கால் இருக்கிறதா என்று இன்னொரு காலால் தொட்டுப் பார்ப்பதாக வரும்.

மூன்றாம் நாள் மகன் கணேசன் திருப்பூரிலிருந்து வந்தான். வந்த உடனே பில்லைப் பார்த்தான். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். என் கால் நகங்கள் வளர்ந்திருப்பதைப் பார்த்து, செவிலியிடம் கேட்டு நகவெட்டி வாங்கி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் பாதத்தைத் தன் மடியில் வைத்து ஒவ்வொன்றாக வெட்டினான். வளைத்து வெட்டக் கூடாது, நேராகத்தான் வெட்ட வேண்டும் என்று படித்துவிட்டு வந்திருந்தான். எனக்கு உணர்வு குறைவு என்பதால், தோலில் படவில்லையே என்று ஒவ்வொரு நகத்துக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் முதல் வாரம் புண் மூடித் தோல் வந்தது. மருத்துவர் மாத்திரை எழுதினார். இரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. தினமும் நடக்கச் சொன்னார். வலி வந்த உடனே நிற்கக் கூடாது. வலி நன்றாக ஏறும் வரை நடந்து, பிறகு நின்று, மறுபடி நடக்க வேண்டும். பட்டினி கிடக்கும் சதைதான் பக்கத்துச் சிறு குழாய்களைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பிசியோதெரபி சென்டர்ல அதிர்வுப் பலகை இருக்கு. வாரம் மூணு நாள் அதுல நில்லுங்க."

"அதிர்வா? எதுக்கு?"

"பலகை அதிரும்போது கால் சதை தன்னால சுருங்கி விரியும். ரத்தம் வேகமா ஓடும். அந்த ஓட்டம் குழாயோட உள்சவ்வைத் தடவும்போது, அது குழாயைத் தளர்த்துற ஒரு பொருளைச் சுரக்கும். வயசானா குழாய் வெயில்ல கெடந்த ரப்பர் டியூப் மாதிரி விறைச்சுப் போகுது. அந்த விறைப்பைக் குறைக்கலாம்னு ஒரு நம்பிக்கை."

"நம்பிக்கையா, நிச்சயமா?"

அவர் பொய் சொல்லவில்லை. "வயசானவங்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. சிலருக்கு நல்லா வந்திருக்கு, சிலருக்குப் பெரிய வித்தியாசம் இல்ல. நடைதான் மருந்து. இது துணைக்கு."

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கட்டிடத்தின் மாடியில் இருந்தது அந்த இடம். கால் வலிக்காரர்கள் வந்து போகும் இடத்தை இருபத்திரண்டு படிக்கு மேலே வைத்தவர் யாரென்று தெரியவில்லை. பிசியோதெரபிஸ்ட் எஸ்தர் முப்பது வயதுப் பெண். முதல் நாள் அரை மணி நேரம் கேள்வி கேட்டாள். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, காலில் இரத்தக் கட்டி இருந்ததா, சமீபத்தில் எலும்பு முறிந்ததா, கண்ணின் உள்திரையில் சிகிச்சை நடந்ததா. இதில் எது இருந்தாலும் பலகையில் ஏற்ற மாட்டாளாம். பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெல்லிய காலுறையோடு நிற்கச் சொன்னாள்.

"முட்டிய லேசா மடக்குங்க ஐயா. விறைப்பா நின்னா அதிர்வு தலைக்கு ஏறிரும். ஒரு நிமிஷம் நிக்கணும், ஒரு நிமிஷம் ஓய்வு. பத்துத் தடவை."

பொத்தானை அழுத்தினாள். அந்த ஒரு நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. பல் ஆடியது, மூக்குக் கண்ணாடி ஆடியது, மூக்கு அரித்தது. எதிரே இருந்த கடிகாரத்தின் எண்கள் கலங்கிப்போய், எத்தனை வினாடி ஆனது என்று எண்ண முடியவில்லை.

மற்றவர்களுக்கு அது வெறும் அசௌகரியம். எனக்கு அது அபாயச் சத்தம். மில்லில் அதிர்வுதான் எங்கள் எதிரி. ஓர் எந்திரம் அதிர்ந்தால் நூல் அறும், போல்ட் தளரும், பேரிங் போகும். சம்பளம் வாங்கியதே அதை அடக்குவதற்குத்தான். அதைவிட ஒரு பயமும் இருந்தது. மில்லுக்குள் ஈரப்பதம் தரத் தண்ணீர் தூவும் குழாய்கள் உண்டு. பழைய குழாயில் அதிர்வு ஏறினால், உள்ளே படிந்த துரு பெயர்ந்து ஓடிப்போய், எங்கோ தொலைவில் இருக்கும் தூவும் முனையை அடைத்துவிடும். எத்தனையோ முறை ஏணி போட்டு ஏறி ஊசியால் குத்தி எடுத்திருக்கிறேன். என் தொடையிலும் படிவு இருக்கிறது என்று மருத்துவரே சொல்லிவிட்டார். அதைப் பிடித்து இப்படிக் குலுக்கினால் பெயர்ந்து எங்கே போகும்? இதயத்துக்கா, மூளைக்கா?

இதை மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பராமரிப்புக்காரன் கேட்க மாட்டான், சரிசெய்வான். வீட்டுப் பரணில் மில் எந்திரங்களின் காலடியில் வைக்கும் ரப்பர் பேடுகள் நான்கு கிடந்தன. அவற்றின் மேல் வைக்க அளவாக ஒரு பிளைவுட் பலகையை அறுத்துக்கொண்டேன். இரண்டாம் வாரத்திலிருந்து, எஸ்தர் திரைக்கு அந்தப் பக்கம் வேறு ஒருவரைக் கவனிக்கும்போது, பையிலிருந்து அவற்றை எடுத்து எந்திரத்தின் மேல் வைத்து, அதன் மேல் ஏறி நின்றேன். "வழுக்குதும்மா, ரப்பர் போட்டுக்கிடுதேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் ஏதோ மெல்லிய விரிப்பு என்று நினைத்து, சரி என்றாள். கீழே எந்திரம் உறுமியது. மேலே நான் சுகமாக நின்றேன்.

நடையிலும் அதே புத்திதான். எந்திரம் லேசாக முனகினாலே நிறுத்திவிடுவது எங்கள் பழக்கம். வலி முளைவிட்ட உடனே நானும் நின்றுவிடுவேன்.

ஆறு வாரம் ஓடியது. ஐப்பசி மழை தொடங்கியது. தீபாவளி முடிந்த வாரம் மருத்துவர் மறுபடி கணுக்காலில் பட்டையைக் கட்டினார். விடை 0.61. நடை அதே நான்காவது கம்பம்.

"ஒண்ணும் மாறலியே சார். சொன்னதெல்லாம் ஒழுங்காச் செய்றீங்களா?"

"ஒரு நாள்கூட விடல" என்றேன். அது பொய்யில்லை.

"இன்னும் ஆறு வாரம் பார்ப்போம். ஆனா மதுரைக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க."

அன்று மாலை கணேசன் போனில் பேசினான். டிசம்பர் முதல் வாரத்தில் மதுரையில் ஒரு மருத்துவமனையில் கட்டிலுக்குச் சொல்லி ஐயாயிரம் முன்பணம் கட்டிவிட்டதாகச் சொன்னான். நான் சண்டை போட்டேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கால் போனா நீங்க வீட்ல உக்காந்து எங்கள எண்ணிக்கிட்டே இருப்பீங்கப்பா, அதை எங்களால தாங்க முடியாது" என்றான். சிரிப்பதற்காகச் சொன்னான். இருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த முறை ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டு அங்கே வரும் நாராயண ராஜா இருந்தார். மாந்தோப்புக்காரர், வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்களைவிட நல்ல தமிழ். என்னைக் கேலி செய்வதற்காகவே சைக்கிள் மிதிக்கும் நேரத்தை என் நேரத்தோடு வைத்துக்கொள்வார். வழக்கமாக என்னை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விடும் சண்முகத்தாய், அன்று மழை என்று சீக்கிரமே திரும்பிச் சுவரோர நாற்காலியில் இருந்தாள்.

"ஏமய்யா சூப்பர்வைசரே, போன மாசம் அந்தப் பலகைல அந்தப் பொண்ணு என்னையும் ஒரு நாள் ஏத்திவிட்டா. கட்டுன பல்லு கழண்டு கையில வந்துருச்சு. நீரு என்னமோ கல்யாண வீட்ல மொய் எழுத உக்காந்த மாதிரி அசையாம நிக்கீரு. எப்படிய்யா?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மில்லில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்திரத்தைப் பழுது பார்த்து முடித்ததும், ஓடுகிற எந்திரத்தின் மேல் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்துவோம். விழாமல் நின்றால் வேலை சுத்தம். மேலதிகாரிகள் வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

"ராஜா, பத்து ரூவாக் காசு இருந்தா என் கால் பக்கத்துல நிறுத்திப் பாரும்" என்றேன்.

அவர் குனிந்து, என் பாதத்துக்கு ஒட்டி, பிளைவுட்டின் மேல் நாணயத்தை விளிம்பில் வைத்துக் கையை எடுத்தார். எந்திரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாணயம் நின்றது. ராஜா வாயைப் பிளந்தார். முப்பத்தாறு வருட வேலை மறக்கவில்லை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து எஸ்தர் வந்தாள். நாணயத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். எந்திரத்தை நிறுத்தினாள்.

"ஐயா, இது எத்தனை நாளா?"

"ரெண்டாவது வாரத்துலேருந்து."

"காசு அசையாம நிக்குதுல்ல?"

"நிக்குது."

"பக்கத்துல உங்க காலு?"

குனிந்து காலைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் கிடையாது. ராஜா மெதுவாக நாணயத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் போய் உட்கார்ந்தார். மிதிக்கவில்லை.

சண்முகத்தாய் எழுந்து வந்து பலகையைத் தூக்கிப் பார்த்தாள். பேடுகளை ஒவ்வொன்றாகக் கையில் வைத்துப் பார்த்தாள். எனக்குப் படியேறக் கஷ்டம் என்று அந்தப் பையை ஒவ்வொரு முறையும் அவள்தான் மாடிக்குத் தூக்கி வந்திருக்கிறாள்.

"துண்டும் தண்ணி பாட்டிலும்னு சொன்னீங்க" என்றாள். "நானும் எம்புட்டுப் பெரிய பாட்டிலுன்னு நெனச்சேன்."

"ஆச்சி, அண்ணன் பாவம், விடுங்க" என்றார் ராஜா.

"நீங்க சும்மா இருங்க. இந்த மனுசன் காலு வெளங்கணும்னு நான் முட்டு வலியோட செமந்திருக்கேன், அது வெளங்காமப் போறதுக்கான சாமானத்த."

எஸ்தர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்து, "எதுக்கு ஐயா?" என்று மட்டும் கேட்டாள். துருவைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர்க் குழாய், பெயர்ந்து ஓடும் படிவு, அடைபடும் முனை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. போனில் மருத்துவரை அழைத்து என்னிடம் கொடுத்தாள்.

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். இரத்தக் குழாயில் படிவது துரு போல மேலே ஒட்டிக்கொண்டிருப்பது இல்லை. குழாயின் சுவருக்குள்ளேயே, உள்தோலுக்கு அடியில் இருப்பது. வினாடிக்கு இருபது முப்பது அதிர்வு காலைக் குலுக்கினால் அது பெயர்ந்து வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அவர் பயப்படுவது கட்டியாக உறைந்த இரத்தத்துக்குத்தான். அது இல்லை என்று ஸ்கேனில் பார்த்த பிறகுதான் என்னை அனுப்பியிருக்கிறார். "இத நீங்க முதல் நாளே கேட்டிருக்கலாமே சார்" என்றார். ஆம், கேட்டிருக்கலாம். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். உங்கள் தொழில் உங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருந்தாலும், பயத்தை அதன்படி சரிசெய்துகொள்ளாதீர்கள். வாயைத் திறந்து கேளுங்கள்.

நடையைப் பற்றியும் எஸ்தர் துருவிக் கேட்டு, நான் எங்கே நிற்கிறேன் என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"வலி ஆரம்பிக்கிற எடத்துலதான் ஐயா மருந்தும் ஆரம்பிக்குது. நீங்க அங்கேயே திரும்பிடுறீங்க."

ஆறு வாரம் போய்விட்டது. ஆறு வாரம்தான் மிச்சம். மறுமுறை வெறும் காலுறையோடு எந்திரத்தின் மேல் ஏறினேன். முட்டியை மடக்கிக்கொண்டேன். முதல் நிமிடம் கெண்டைக்கால் குறுகுறுத்தது. மூன்றாவது நிமிடம் அரித்தது. ஏழாவது நிமிடம் நிறுத்தச் சொல்லலாமா என்று தோன்றியது, பல்லைக் கடித்துக்கொண்டேன். ராஜா சைக்கிளிலிருந்து, "நோரு மூஸ்கோ, பல்லு பத்திரம்" என்றார். வாயை மூடு என்று அர்த்தம். பத்தாவது நிமிடம் முடிந்து இறங்கியபோது, கீழே தரை இன்னும் ஓடுவது போல இருந்தது. சண்முகத்தாய் குனிந்து என் இடது கால் விரல்களைத் தொட்டாள். பையைப் பற்றிய கோபத்தில் இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசாதவள், "சூடா இருக்கு" என்றாள்.

அந்தச் சூடு ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. மறுமுறை சற்று அதிக நேரம் நின்றது. எஸ்தர் ஒவ்வொரு முறையும் பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினாள், பார்த்துவிட்டுத்தான் இறக்கி அனுப்பினாள்.

நடை அதைவிடக் கடினம். சாரல் விடட்டும் என்று ஆட்டோ ஏறத் தயங்கியவன், கார்த்திகை மழையில் கல்யாண மண்டபக் கூடத்துக்குள் காவலாளியிடம் சொல்லிவிட்டுச் சுற்றிச் சுற்றி நடந்தேன். முறுக்கு ஏறும், ஏறட்டும் என்று இன்னும் கொஞ்ச தூரம் போவேன், கண்ணில் தண்ணீர் வரும்போது நிற்பேன். மூன்றாவது வாரம் ஐந்தாவது கம்பம். நான்காவது வாரம் ஒரு நாள் ஆறு, மறுநாள் மறுபடி ஐந்து. அன்று இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அடுத்த நாள் காலை சண்முகத்தாய் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வாரேன். நீங்க எண்ணுங்க, நான் எண்ண மாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள். ஐந்தாவது வாரம் எட்டாவது கம்பம் வந்தபோது, அவள் வத்திராயிருப்பில் இருக்கும் தன் தங்கையின் மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோராவது கம்பத்தில்தான் எனக்கு வலி நினைவுக்கு வந்தது.

டிசம்பர் முதல் வாரம் மருத்துவரிடம் போனோம். கணேசனும் வந்திருந்தான், மதுரைக்குப் போகும் பையும் காரில் இருந்தது. பட்டையைக் கட்டினார். கணுக்காலில் 104, கையில் 142. மருத்துவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், சொல்லுங்கள் என்பது போல. "பாயின்ட் ஏழு மூணு" என்றேன். பிறகு பாதத்தின் மேல் டாப்ளரை வைத்தார். பழைய 'ஷ்' இன்னும் இருந்தது. ஆனால் அதற்குள்ளே ஒரு தட்டு கேட்டது.

"நல்ல கால் ஆயிடல சார். சுருக்கம் அங்கேயேதான் இருக்கு" என்றார். "பக்கத்துச் சின்னக் குழாய்கள் வேலைய எடுத்துக்கிட்டிருக்கு. குழாயும் கொஞ்சம் இளகியிருக்கு."

"எதனால? அந்தப் பலகையா, நடையா?" என்று கேட்டான் கணேசன்.

"பிரிச்சுச் சொல்ல முடியாது. நடை, மாத்திரை, பீடிய விட்டது, பலகை. என்னக் கேட்டா நடைக்குத்தான் முதல் இடம் தருவேன். எதையும் நிறுத்த வேண்டாம். கிரியேட்டினின் அப்படியே இருக்கு, கூடல. மதுரை இப்போதைக்கு வேண்டாம். மூணு மாசம் கழிச்சு வாங்க."

கணேசன் வெளியே போய் மதுரைக்குப் போன் செய்தான். திரும்பி வந்தவன் முகம் தொங்கியிருந்தது.

"அட்வான்ஸ் திரும்ப வராதாம்ப்பா. கட்டில் வேண்டாம்னா பத்து நாளைக்கு முன்னாடியே சொல்லியிருக்கணுமாம்."

மற்ற நாளாக இருந்தால் ஐயாயிரத்துக்காக நானே மதுரைக்குப் பஸ் ஏறிப் போய், ரசீதைக் காட்டி, மேலாளரைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டேன். அன்று, "விடு, அந்த ஐயாயிரத்த நான் தந்துடுதேன்" என்றேன். அவன் நம்பாமல் அம்மாவைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒன்பது நாள் மருத்துவமனை, சோதனைகள், மாத்திரைகள், பிசியோதெரபி, ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்த பஸ், புதிதாக வாங்கிய மெத்தென்ற செருப்பு, நான் போய்ப் படுக்காத அந்த மதுரைக் கட்டிலுக்குக் கட்டிய ஐயாயிரம் உட்பட, ஆன மொத்தச் செலவு ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து நானூற்று எழுபது ரூபாய். அதில் முணுமுணுக்காமல் நான் கொடுத்தது அந்த ஐயாயிரம் மட்டும்தான்.